நான்காம் குழி

இதை யாரும் கட்டவில்லை.
பனியுகம் உருகி ஓடியபின்
கடல் கக்கிய மணலைக் காற்று மடித்து மடித்து வைத்தது.
மடிப்புகளில் செம்மறிகள் குளிருக்கு ஒடுங்கின.
அவை முதுகு தேய்த்த பள்ளங்களில்தான்
எடின்பரோ வக்கீல்கள் இன்று
ஒரு பந்துக்கு நாலு அடி அடித்து
ஆட்டின் பரம்பரையைத் திட்டுகிறார்கள்.

ஹெப்ரிடீஸில் ஒரு தீவு, அதன் மேற்குக் கரை.
உறுப்பினர் நாற்பத்தொரு பேர்,
ஊழியர் நான் ஒருத்தி.
வாசலில் தகரப் பெட்டி, ஆளுக்கு இருபது பவுண்டு.
போடாமல் நுழைகிறவரை
ஆள்காட்டிக் குருவி பார்த்துக்கொள்ளும்.

காலை ஐந்தரைக்கு என் வேலை குழி வெட்டுவது.
நாலேகால் அங்குல அகலம்.
உருளைக் கத்தியை ஊன்றி, திருகி, மிதித்து
புல்லும் வேரும் மணலுமாக
ஒரு நாழி மண்ணை முழுசாக உருவவேண்டும்.
உருவியதை நேற்றைய குழியில் செருகி
உள்ளங்காலால் அமுக்கவேண்டும்.
புதுக் குழி கொடுக்கும், பழைய குழி வாங்கும்.
பதினாறு வருஷத்தில் இந்தக் கணக்கு
ஒருநாளும் இடித்ததில்லை.

ஜனவரியில் புயல் மூன்று ராத்திரி.
யாருடையதோ கோழிக்கூடு
தேவாலயக் கூரையில் உட்கார்ந்திருந்தது.
நாலாம் நாள் போய்ப் பார்த்தேன்.
நாலாவது கிரீன் இருந்த எக்கர்
ரொட்டியை வெட்டினாற்போல் நின்றது.
வெட்டுவாயில் வேர்கள் தாடியாகத் தொங்கின.
வேலிக்கால் ஒன்று கம்பியைப் பிடித்துக்கொண்டு
அந்தரத்தில் ஆடியது.
கொடியை அலை எங்கோ கொண்டுபோயிருந்தது.
குழியைத் தேடினேன்.
குழியை எப்படித் தேடுவது?
சுற்றிலும் தரை இருந்தால்தானே
நடுவில் ஒன்று இல்லாமல் இருக்கமுடியும்.

கமிட்டி கூடியது: ஆறு பேர், ஒரு கெட்டில்.
கருங்கல் கொட்டுவோம் என்றார்
ஃபெர்ரி எஞ்சினியர் டோர்மட்.
பொருளாளர் ஊனா ஒரு தொகை சொன்னாள்.
கொஞ்ச நேரம் கெட்டில் மட்டும் பேசியது.
பிறகு மர்டினா, பள்ளிக்கூடத்தில் சமைக்கிறவள்,
பிஸ்கட்டை நனைத்தபடியே சொன்னாள்:
"மணலுக்கு நடக்கிற புத்தி.
வழி விட்டுத் தள்ளி நிற்கலாம்."

தள்ளி நிற்க இடம் லாக்லனின் உருளைக்கிழங்கு வயல்.
வாடகை வேண்டாம் என்றான்.
"என் கடா அங்கேதான் மேயும்.
பந்து பட்டால்
அடித்தவர் நேரில் வந்து மன்னிப்புக் கேட்கணும்.
என்னிடம் இல்லை, கடாவிடம்."
இதை அப்படியே எழுதிக் கையெழுத்து வாங்கினோம்.

ஏப்ரலில் புல் பிடித்தது.
முதல் குழியை வெட்டினேன்.
ஊன்றி, திருகி, மிதித்து, உருவி
பழக்கத்தில் திரும்பி நடந்தேன், நேற்றைய குழிக்கு.
விளிம்பு வந்துவிட்டது.
கையில் ஒரு நாழி மண்.
கீழே அலை, அதன் பாட்டுக்கு.

கடலில் போட மனசு வரவில்லை.
போதுமான அளவு வாங்கிக்கொண்டாயிற்று அது.
ஐந்தாவது டீ பக்கம் ஒரு முயல் வளை;
அளவு ஏறக்குறைய சரி.
செருகி, உள்ளங்காலால் அமுக்கி,
யாரும் பார்க்கவில்லை என்று
நிமிர்ந்தால் ஆள்காட்டி கத்துகிறது.

மறுநாள் ஐந்தரைக்கு
வளை வாசலில் அது வெளியே கிடந்தது,
கவிழ்ந்து, வேர் மேலாக.
முயலும் கமிட்டி கூட்டியிருக்கும்.

எடுத்து வண்டியின் பின்தட்டில் வைத்தேன்.
இன்னும் அங்கேதான் இருக்கிறது,
கத்திக்கும் எண்ணெய் டப்பாவுக்கும் நடுவில்.
தண்ணீர் ஊற்று என்கிறாள் மர்டினா.
இந்தத் தீவில் மழைக்கா பஞ்சம்?
பழைய ஸ்கோர் அட்டை இரண்டாயிரம் மிச்சம்.
முன்னூற்றுப் பன்னிரண்டு கெஜத்தை அடித்துவிட்டு
இருநூற்றெழுபது என்று
பேனாவால் திருத்தித் திருத்தித் தருகிறேன்.
நேற்று ஒரு வக்கீல் கேட்டார்,
இது நிரந்தரமான எண்ணா என்று.
பென்சில் இருக்கிறதா உங்களிடம் என்றேன்.